சண்டே பிளம்பர்ஸும் ஒரு பாலக்கோட்டுக் குரலும்

பாலக்கோடு,
9 நவம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்களை அத்தை என்று அழைக்கலாமா என்று தெரியவில்லை. நான் உங்கள் அண்ணன் அர்ச்சுனனின் மகள். பதினோராம் வகுப்பு படிக்கிறேன். என் பெயர் செல்லம்மாள். ஆமாம், உங்கள் அம்மாவின் பெயரேதான். ஆயா இறந்த பிறகு பிறந்ததால் எனக்கு வைத்துவிட்டார்கள். புதிதாக வரும் டீச்சர்கள் ஆஜர் எடுக்கும்போது, யாரோ வயதான அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

உங்களைக் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன். எங்கள் ஆங்கில ஆசிரியை நிர்மலாதேவி டீச்சர், வெளிநாட்டு இசைக்குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வரலாற்றை எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் கொரியக் குழுக்கள் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு யாரும் எழுதாத குழு வேண்டும் என்று ஆசை. 'இங்கிலாந்து, விசித்திரமான இசைக்குழு' என்று பள்ளிக் கணினியில் தேடினேன். ஒரு வீடியோ வந்தது. பரிசளிப்பு மேடையில் நீலநிற வேலை உடுப்புப் போட்ட மூன்று பேர் நிற்கிறார்கள். பாட வேண்டிய நேரம் முழுவதும் பாடாமல், ஒரு ஒழுகும் குழாயைக் கழற்றி மாட்டுகிறார்கள். கடைசியில் ஒழுக்கு நின்றதும் குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது ஆள் ஒரு கறுப்புப் பெண். கையில் ஸ்பேனர். முகத்தில் என் மூக்கு.

பெயர் 'கே' என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். கலைமணி அத்தைதான் என்றார். "உங்கப்பன் காதுல போட்டுடாத. பேண்ட் மாட்டிக்கிட்டு வெள்ளக்காரனுங்களோட குதிக்கறாளாம், அது அவருக்குப் புடிக்கல. பேச்ச வுடு" என்றார். அப்பாவிடம் முன்பு ஒருமுறை உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அவரும் "பேச்ச வுடு" என்றுதான் சொன்னார்.

அதன்பின் உங்கள் குழு சண்டே பிளம்பர்ஸின் எல்லாப் பாட்டுகளையும் பள்ளிக் கணினியிலேயே கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கச்சேரி செய்வீர்களாமே? இடிக்கப்போகும் கட்டடங்களில்தான் பாட்டுப் பதிவு செய்வீர்களாமே? ரசிகர்களின் கடிதங்களுக்கு மட்டும் கையால் எழுதிப் பதில் போடுவீர்கள் என்று படித்ததால்தான் இதைத் தபாலில் அனுப்புகிறேன். பதிலைப் பள்ளி முகவரிக்கு, டீச்சர் பெயர் போட்டு அனுப்புங்கள்.

ஒரு கேள்வி. உங்களுடைய புகழ்பெற்ற பாட்டான 'டொமாட்டோ மேன்' நடுவில் ஒரு ஆண் குரல் "எடுத்துக்கங்க சாமி, எடுத்துக்கங்க" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அது யாருடையது? நம் ஊர்ப் பேச்சு என்று கேட்டவுடனே தெரிந்தது.

மரியாதையுடன்,
செல்லம்மாள்


ஹல்,
இங்கிலாந்து, 27 நவம்பர் 2025

அன்புள்ள செல்லம்மா,

எங்களுக்கு வரும் கடிதங்களை ஒரு பழைய மீன்பெட்டியில் கொட்டிவைத்து ஆளுக்கொன்றாக எடுப்போம். உன் உறை டெரிக் கையில் சிக்கியது. "கே, இது உன் ஊர் எழுத்து மாதிரி இருக்கிறது" என்று நீட்டினான். அனுப்புநர் இடத்தில் அம்மாவின் பெயர். செத்துப்போன அம்மா பதினோராம் வகுப்பில் சேர்ந்து எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அழுதேன். பிறகு மூக்கைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன்.

என் தமிழ் துருப்பிடித்துக் கிடக்கிறது. பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி வைத்துக்கொள்.

உன் கட்டுரைக்கு விவரம் தருகிறேன். நான் இங்கே படிக்க வந்தபோது தங்கியிருந்த வீட்டின் கூரை ஒழுகியது. மேல்மாடியில் டெரிக், அவன் தங்கை ஃபியோனா. மூவரும் பக்கெட்டுகளை வைத்துவிட்டு, சொட்டுகிற சத்தத்துக்கு ஏற்ற மாதிரி தட்ட ஆரம்பித்தோம். வீட்டுக்காரர் பிளம்பரை அனுப்புகிறேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார், வர மாட்டார். பெயர் அப்படித்தான் வந்தது. முதல் ஆல்பத்தை மூடப்பட்ட ஒரு நீச்சல் குளத்தில் தண்ணீரில்லாத தொட்டிக்குள் உட்கார்ந்து பதிந்தோம். இரண்டாவது, காயலான் கடைக்குப் போன பேருந்துக்குள். யாரும் வாங்கவில்லை. மூன்றாவதில்தான் 'டொமாட்டோ மேன்'. அது எப்படியோ பரவிவிட்டது. பரிசுக்கு அழைத்தார்கள். குழாய் மாட்டினோம். பாட்டுக் கம்பெனி எங்களை விட்டுவிட்டது. அப்புறம் பல வருடம் நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தேன், டெரிக் நிஜமாகவே பிளம்பர் வேலை கற்றுக்கொண்டான். பெரிதாகப் புகழடைந்தவர்கள் என்று எழுதாதே. பிடிவாதமாக விளையாடியவர்கள் என்று எழுது.

அந்தக் குரலை நம் மார்க்கெட்டில் பதிந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

எங்களுக்கும் வயதாகிவிட்டது. டெரிக்குக்கு முழங்கால் போய்விட்டது. வரும் ஏப்ரல் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, அதே நீச்சல் குளத்தில் கடைசிக் கச்சேரி. அதை இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறார்? இன்னும் தக்காளிதான் போடுகிறாரா? எழுது.

அத்தை


பாலக்கோடு,
21 டிசம்பர் 2025

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். பிழை எதுவும் இல்லை. ஒரே ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது, திருத்தவில்லை.

என் கட்டுரையை டீச்சர் வகுப்பில் படிக்கச் சொன்னார். கூரை ஒழுகிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "இவங்க உன் சொந்த அத்தையா? சும்மா வுடாத" என்று பக்கத்து பெஞ்ச் சசிகலா கேட்டாள். டீச்சர், பிப்ரவரியில் வரும் ஆண்டு விழாவில் இதையே நிகழ்ச்சியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார். தலைப்பு: 'உலக மேடையில் நம் ஊர்ப் பெண்'. நான்தான் பேசப்போகிறேன். நான்கு பேர் தக்காளிப் பெட்டியைத் தட்டுவார்கள். கடைசியில் 'டொமாட்டோ மேன்'.

அப்பா நன்றாக இருக்கிறார். இன்னும் தக்காளிதான். நீங்கள் பார்த்தபோது எப்படி இருந்தார் என்று தெரியாது. இப்போது அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் மண்டியில் அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. பழத்தை அழுத்திப் பார்க்காமலே இது எத்தனை நாள் தாங்கும், சென்னைக்கு அனுப்பலாமா, பெங்களூரோடு நிறுத்த வேண்டுமா என்று சொல்லிவிடுவார். வியாபாரிகளே "அர்ச்சுனண்ணன் சொன்னா சரிதான்" என்பார்கள். இந்த வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவில் அவரையும் போட்டிருக்கிறார்கள். அதனால் விழாவில் முதல் வரிசையில் உட்காருவார்.

அத்தை, என் திட்டம் இதுதான். ஊரே உங்களுக்குக் கை தட்டும்போது அப்பாவின் கோபம் போய்விடும். பேண்ட் போட்டதற்காக ஒருவர் எத்தனை வருடம் கோபமாக இருக்க முடியும்? என்னையே அவர் சுடிதாரில்தான் பள்ளிக்கு அனுப்புகிறார். அன்று சாயங்காலமே அவரை உங்களோடு பேச வைக்கிறேன். உங்கள் போன் எண்ணை எழுதி அனுப்புங்கள். வீட்டில் அப்பாவிடம் மட்டும்தான் போன் இருக்கிறது.

உங்கள்
செல்லம்மாள்


ஹல்,
8 ஜனவரி 2026

செல்லம்மா,

அவசரமாக எழுதுகிறேன். விழா நடக்கட்டும், சந்தோஷம். ஆனால் 'டொமாட்டோ மேன்' வேண்டாம். முதல் ஆல்பத்தில் 'பக்கெட்' என்று ஒரு பாட்டு இருக்கிறது, பெட்டி தட்டுவதற்கு அதுதான் பொருத்தம். அதைப் போடு. அண்ணன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மற்றது வேண்டாம்.

எண் கீழே இருக்கிறது. ஆனால் அவரை வற்புறுத்தாதே.

அத்தை


பாலக்கோடு,
22 பிப்ரவரி 2026

அன்புள்ள அத்தைக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாள் கடத்திவிட்டேன். மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

உங்கள் கடிதம் விழாவுக்கு முன்பே வந்துவிட்டது. வரவில்லை என்று பொய் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். படித்தேன். 'வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள், காரணம் எழுதவில்லை. புகழ் வந்த பாட்டைப் பற்றி அடக்கமாக இருக்கிறீர்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். 'பக்கெட்' பாட்டில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. தமிழ் கேட்டால்தான் ஊர்க்காரர்கள் நம்புவார்கள் என்று டீச்சரிடம் வாதாடினேன். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஐடிஐ படிக்கும் ரஞ்சித்குமார் அண்ணனிடம் நீல உடுப்பு கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கையில் ஸ்பேனர். நான் பேசப் பேச எல்லாரும் நன்றாகக் கேட்டார்கள். அப்பா முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் பெயரைச் சொன்னதும் தலை குனிந்தார். ஆனால் எழுந்து போகவில்லை. ஒழுகும் கூரையைச் சொன்னபோது அவர் உதடு கொஞ்சம் சிரித்ததைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

பிறகு பாட்டுப் போட்டார்கள். உங்கள் வீடியோக்களில் அந்தக் குரல் வரும்போது டெரிக் பாடமாட்டார், மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடிப்பார், கூட்டமே பாடும். அதைப் பத்து முறையாவது பார்த்துப் பழகியிருந்தேன். அதேபோல் மைக்கைத் திருப்பிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன். முதலில் எங்கள் வகுப்புப் பெண்கள் "எடுத்துக்கங்க சாமி" என்று பாடினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"டேய், இது நம்ம அர்ச்சுனன் கொரலுடா!"

"அட ஆமாண்டா! மாதவராஜ் மண்டியில, தக்காளி ரோட்டுல கொட்டுன வருஷம்! கையெடுத்துக் கும்புட்டானே!"

சிரித்தார்கள். அத்தை, எனக்கு அப்போதும் புரியவில்லை. அப்பாவின் குரலா என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை, எப்படி அடையாளம் தெரியும்? உலகமே பாடும் குரல் என் அப்பாவுடையது என்று நினைத்து ஓடிப்போய் அவர் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினேன். "பாடுங்கப்பா!" என்றேன்.

அவர் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது. அவ்வளவுதான் கேட்டது.

அப்பா என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்து, பொத்தானைக் கண்டுபிடித்து, அணைத்து, என்னிடமே கொடுத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. எனக்குக் கட்டுரைப் பரிசு கொடுக்கும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை தட்டினார்கூட.

மறுநாள் காலை அம்மா என்னை மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். "பேண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தப் பாட்ட அவரு எப்பவோ கேட்டுட்டாரு. பெங்களூருக்கு லோடு போனப்ப ஒரு பையன் போன்ல காட்டியிருக்கான். முழுசாக் கேட்டுட்டு 'நல்லாருக்கு'ன்னு போனத் திருப்பிக் குடுத்திருக்காரு. அதுல இருந்துதான் உங்க அத்தகிட்டப் பேசறதில்ல. ஊருல யாருக்கும் தெரியாது, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப நீயே மைக்கு வெச்சிச் சொல்லிட்டியே."

இப்போது மண்டியில் அவர் பெட்டிகளை இறக்கும்போது சுமை தூக்குகிறவர்கள் "எடுத்துக்கங்க சாமி" என்று ராகம் போடுகிறார்களாம். பஸ் ஸ்டாண்டில் பையன்களும். அப்பா மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். பக்கத்துத் தோட்டத்து ஜெயபால் மாமாவின் டெம்போவில் பழத்தை அனுப்புகிறார். என்னை அவர் திட்டவே இல்லை. சாப்பிட்டியா பாப்பா என்று தினமும் கேட்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நாளில் என்ன நடந்தது, அத்தை? எனக்குத் தெரிய வேண்டும்.

செல்லம்மாள்


ஹல்,
8 மார்ச் 2026

செல்லம்மா,

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவர் என் பாட்டும் உடுப்பும் பிடிக்காமல் பேசவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று டெரிக்கிடம் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

கேட்டாய், சொல்கிறேன். அம்மாவின் காரியம் முடிந்து நான் திரும்பக் கிளம்பிய நாள். தருமபுரியில் ரயில் ஏற வேண்டும். அண்ணன், "மண்டிக்குப் போயிட்டு அப்படியே உட்டுடறேன்" என்று டிராக்டரில் ஏற்றிக்கொண்டார். டெரிக் ஊர்ச் சத்தங்களைப் பதிந்துகொண்டு வரச் சொல்லியிருந்தான். நான் பஸ் ஹார்ன், ஆலைச் சங்கு என்று எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தேன். அன்று தக்காளிக்கு விலையே இல்லை. யாரும் ஏலமே கேட்கவில்லை. ஜனங்கள் பெட்டியோடு திரும்பிப் போனார்கள். அண்ணன் மட்டும் போகவில்லை. மண்டிக்காரர் மாதவராஜிடம் போய்ப் பேசினார். அவர் முடியாது என்று தலையாட்டினார். அண்ணன் குரல் மேலே போயிற்று, உடைந்தது, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. அப்போது என் காதுக்கு அது ராகமாகத்தான் கேட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் கேட்டது. நான் பெட்டி அடுக்குக்குப் பின்னால் நின்று போனை நீட்டினேன். பக்கத்தில் போனால் பதிவு கெட்டுவிடும் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

பாட்டில் நீ கேட்பது பாதிதான். முழுவதும் இது: "எடுத்துக்கங்க சாமி, எடுத்துக்கங்க. தங்கச்சி ஊருக்குப் போவுதுங்க. அம்மா இல்லாத வூட்டுல இருந்து போவுது. வெறுங்கையோட அனுப்ப வெச்சிடாதீங்க சாமி."

பின்பாதியை நான்தான் வெட்டினேன். தாளத்துக்கு நீளமாக இருந்தது.

ரயில் கிளம்பும்போது அவர் ஜன்னல் வழியாக ஒரு கவரைக் கொடுத்தார். முறுக்கும் ஒரு புடவையும். எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் புடவை இன்னும் கட்டப்படாமல் இருக்கிறது.

நேற்று என்னிடமிருந்த அவருடைய பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தார். "அண்ணா" என்றேன். வைத்துவிட்டார்.

கலைமணி


பாலக்கோடு,
22 மார்ச் 2026

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறைதான் படிக்க முடிந்தது.

உங்களைக் கண்டுபிடித்த நாளிலிருந்து உங்களைப் போல் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆகிவிட்டேன். நீங்கள் போனை நீட்டினீர்கள், நான் மைக்கை நீட்டினேன்.

நேற்று பழம் பிரிக்கும்போது அப்பாவிடம் "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். "எதுக்கு?" என்றார். நான் இன்னொரு பழத்தைக் கையில் எடுத்தேன். "பழத்தப் பாரு, காம்பு குத்துது" என்றார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசிக் கச்சேரியில் அந்தக் குரலைப் போடாதீர்கள். அது முடிந்ததும் எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். உங்கள் பாட்டு உங்களுக்கு இருக்கட்டும். எங்கள் அப்பாவை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செல்லம்மாள்


ஹல்,
19 ஏப்ரல் 2026

அன்புள்ள செல்லம்மா,

உன் கடிதம் கச்சேரிக்குச் சில நாட்களுக்கு முன் வந்தது. டெரிக்கையும் ஃபியோனாவையும் சமையலறையில் உட்கார வைத்து, அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று முதல்முறையாகச் சொன்னேன். இத்தனை வருடம் அவர்கள் கேட்டதற்கெல்லாம் 'சந்தைக்காரர் பழம் விற்கிறார்' என்றுதான் சொல்லியிருந்தேன். ஃபியோனா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள். டெரிக், "குரலை எடுத்துவிடலாம். பாட்டையே விட்டுவிடலாம்" என்றான். பாட்டை விட்டால் கூட்டம் கேட்டுக்கொண்டே இருக்கும், குரலை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மௌனமாக நிற்போம் என்று முடிவு செய்தோம். அது நல்ல முடிவு என்று நினைத்தேன். மரியாதையான முடிவு என்றுகூட நினைத்தேன்.

நீச்சல் குளம் நிறையக் கூட்டம். தொட்டிக்குள்ளேயே இறங்கி நின்றார்கள். எங்களோடு சேர்ந்து கிழடானவர்கள், அவர்கள் பிள்ளைகள், எல்லாரும் நீல உடுப்பில். 'டொமாட்டோ மேன்' வந்தது. குரல் வர வேண்டிய இடத்தில் மூவரும் கையை எடுத்துவிட்டோம். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

ஒரு மூச்சு நேரம் அமைதி.

பிறகு அவர்கள் பாடினார்கள், செல்லம்மா. நாங்கள் நிறுத்தியதே தங்களைப் பாடச் சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். தொட்டிக்குள் அத்தனை பேரும் சேர்ந்து, ஓடுபதித்த சுவரெல்லாம் எதிரொலிக்க, அண்ணன் குரல் உடையும் இடத்தில் அதேபோல் உடைத்து, "எடுத்துக்கங்க சாமி, எடுத்துக்கங்க." கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். சிலர் அழுதார்கள். அன்போடுதான் பாடினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிறுத்துங்கள் என்று மைக்கில் சொல்ல வாயைத் திறந்தேன். அதையும் பாட்டில் ஒரு பகுதி என்று கை தட்டியிருப்பார்கள். மேடையை விட்டு இறங்கி, உடை மாற்றும் அறையில் போய் நின்றுகொண்டேன். அங்கேயும் கேட்டது.

இணையத்திலிருந்து பாட்டை எடுக்கச் சொல்லிவிட்டோம். எங்களுடையது போய்விடும். மற்றவர்கள் வைத்திருப்பது இருக்கும். நீ கேட்டதை என்னால் கொடுக்க முடியவில்லை. அவரைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு அவர் இப்போது என்னிடம் இல்லை.

இந்தக் கடிதத்தை நீ விரும்பினால் அவருக்குப் படித்துக் காட்டு. என்னைக் காப்பாற்றிப் படிக்காதே. இருப்பதை இருப்பதுபோல் படி.

கலைமணி


பாலக்கோடு,
17 மே 2026

அன்புள்ள அத்தைக்கு,

படித்துக் காட்டினேன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் அப்பா பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, அனுமதி கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன். அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. மார்ச் மாதக் கடிதத்தையும் படித்தேன். புடவை வந்த இடத்தில் மட்டும் வால்வை மூடினார்.

முடித்ததும் கேட்டார்.

"அத்தினி பேரும் பாடுனாங்களாமா?"

"ஆமாப்பா."

"என்னா சொல்றோம்னு தெரியாமயே?"

"தெரியாதுப்பா."

"ராகம் சரியா வந்துச்சாமா?"

"நீங்க உடைக்கற எடத்துல அவங்களும் உடைச்சாங்களாம்ப்பா" என்றேன். அவர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். பிறகு ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். எழுதச் சொன்னதும் அவர்தான்.

"பாட்டுல போட்டதுக்கு மொதல்ல கோவம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. அது போயிடுச்சு. நான் அவளைப் பாத்தேன் பாப்பா, அன்னிக்கே. பொட்டிக்குப் பின்னால போன நீட்டிக்கிட்டு நிக்கறா. நான் கும்புடறேன், அவ நிக்கறா. வருவா வருவான்னு பாத்துக்கிட்டேதான் கும்புட்டேன். பக்கத்துல வந்து 'போதும்ணா, வா போலாம்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே உட்டுட்டு வந்திருப்பேன். தங்கச்சி சொல்லிடுச்சுன்னு ஊருல சொல்லிக்கிட்டு மானமா வந்திருப்பேன். அவ வரல. அதான். இதையும் எழுது. அவளுக்குத் தெரியாது, பாவம்."

பாவம் என்ற சொல்லையும் அவர்தான் சொன்னார், அத்தை. நான் சேர்க்கவில்லை.

அப்புறம் எனக்கு என் மைக் ஞாபகம் வந்தது. நானும் அன்று அவர் பக்கத்தில் போகத்தான் செய்தேன், ஆனால் நிற்பதற்காகப் போகவில்லை. அவரைக் கேட்டேன், "நாளைக்கு மண்டிக்கு நான் வரட்டுமாப்பா?" "நான் போனாத்தான நீ வர்றதுக்கு" என்றார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் டெம்போ வந்தபோது சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ஜெயபால் மாமா ஒன்றும் கேட்காமல் முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார்.

மண்டியில் நடந்ததை உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பெட்டி இறக்கும்போதே ஒருவர் ஆரம்பித்தார். "எடுத்துக்கங்க சாமீ..." இன்னொருவர் பின்பாட்டு. "அண்ணே, இன்னிக்கு லண்டன்ல என்னா ரேட்டு?" என்று முனிராஜ் கடை வாசலில் ஒரு குரல். ஓடிப்போய்க் கழிப்பறைப் பக்கம் நின்றுகொள்ளலாமா என்று கால் துடித்தது. பெரிய வீரம் எதுவும் செய்யவில்லை. அப்பாவின் பக்கத்தில் நின்றேன். ஏலம் எங்கள் பெட்டிக்கு வந்தது, கேட்டார்கள், போயிற்று. திரும்பி வரும்போது அப்பா எனக்கு டீக்கடையில் வடை வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து விடுமுறை முழுக்கப் போகிறேன். இன்னும் பாடுகிறார்கள். முன்பைவிடக் குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் அப்பா பாதி வழியில் டெம்போவை நிறுத்தச் சொல்லி, வேப்பமரத்தடியில் சும்மா நின்றுவிட்டு மறுபடி ஏறுகிறார்.

நீங்கள் வரலாமா என்று அவரிடம் நேராகக் கேட்டேன். "வூடு அவளுதும்தான். வூட்டுக்கு வர்றதுக்கு எவனும் கேக்கத் தேவையில்ல" என்றார். கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி, "வந்தா மொதல்ல வூட்டுக்கு வரவேணாம்னு எழுது. மண்டிக்கு வரச் சொல்லு. எல்லாரும் இருக்கறப்ப வரட்டும்" என்றார்.

அவர்கள் உங்களையும் பாடுவார்கள், அத்தை. லண்டன்காரி என்பார்கள், இன்னும் மோசமாகவும் சொல்வார்கள். தலையைத் தூக்க முடியாது. எனக்கே முடிவதில்லை. பாட்டு, உடுப்பு, ஸ்பேனர் எதுவும் வேண்டாம். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

ஏலம் நடக்கும்போது நான் அப்பாவின் இடது கைப்பக்கம் நிற்கிறேன். வலது கைப்பக்கம் யாரும் இல்லை.

செல்லம்மாள்